பழங்காலக் கைத்துப்பாக்கிகள்: செய்முறையும் அடையாளம் காணும் முறையும்

பழைய பிஸ்டல் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் அதில் வெட்டியிருக்கும் பெயரைத்தான் தேடும். அந்தப் பெயரைக் கடைசியில் படியுங்கள். பெயரை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். உலையில் அடித்த இரும்பின் ரேகை, அரம் ஓடிய தடம், மரத்தின் உள்பக்கத்தில் நூறு இருநூறு ஆண்டுகளாக ஊறிய எண்ணெய்க் கறை ஆகியவற்றைப் பொய்யாக உண்டாக்குவது அவ்வளவு எளிதல்ல. ஒரு துப்பாக்கி எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தவருக்கு, அது உண்மையானதா, எந்தக் காலத்தது என்பதில் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். அதனால் இந்த வழிகாட்டி செய்முறையில் தொடங்கி, அடையாளத்துக்கு வருகிறது. இதில் பேசப்படுபவை சுமார் 1600 முதல் 1870 வரை செய்யப்பட்ட, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பிஸ்டல்களும் தொடக்ககால ரிவால்வர்களும்.

எல்லாவற்றுக்கும் முன்: உள்ளே மருந்து இருக்கிறதா?

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகள் பல, கெட்டித்தது கெட்டித்தபடியே பரணுக்குப் போனவை. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு ஆண்டு கழித்தும் பற்றும். பழசாகிவிட்டது, செத்திருக்கும் என்ற எண்ணமே ஆபத்தானது.

ஒரு மெல்லிய மரக்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். குழல் வாயைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, குச்சியை முட்டும்வரை உள்ளே விடுங்கள். குழல் வாய்க்கு நேரே குச்சியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல் வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் மேல் வையுங்கள். குச்சியின் மறுமுனை, மருந்துக்குத் தீ செல்லும் சிறு துளையான பற்றுவாய்க்கு அருகே வந்து நின்றால் குழல் காலி. இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னதாகவே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன என்றே கொள்ளுங்கள். வெறும் துருக்கட்டியாகக்கூட இருக்கலாம், ஆனால் அதை நீங்களே தோண்டிப் பார்க்க வேண்டாம். பயிற்சி பெற்ற துப்பாக்கித் தொழிலாளரிடம் கொடுங்கள். ரிவால்வராக இருந்தால் சிலிண்டரின் ஒவ்வோர் அறையையும் முன்பக்கமிருந்து தனித்தனியாகப் பாருங்கள். தீயை உள்ளே அனுப்பும் சிறு முளைகளான நிப்பிள்களின் மேல் கேப் (தட்டினால் வெடிக்கும் மருந்து வைத்த சிறு செம்பு மூடி) ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

குதிரையை, அதாவது விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கும் சுத்தியை, இழுத்து வெறுமனே தட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கேப் இல்லாத நிப்பிள் மேல் குதிரை விழுந்து விழுந்து நிப்பிளின் தலை நசுங்கும். பழைய ஸ்பிரிங் ஒடியவும் வாய்ப்பு உண்டு. இறக்க வேண்டுமென்றால் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே இறக்குங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டதைப் பழம்பொருளாகக் கருதுகிறது. வேறு நாடுகளில் வேறு அளவுகோல். வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். சரியான காலத்தைக் கண்டுபிடிப்பது ஆர்வத்துக்காக மட்டுமல்ல என்பது அப்போது புரியும்.

குழல் எப்படி உருவானது

இயந்திரங்கள் வருவதற்கு முன் குழல் என்பது சுருட்டிய பட்டைதான். தட்டையான தேனிரும்புப் பட்டையை வெள்ளைச் சூட்டுக்குக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, இரண்டு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்துச் சம்மட்டியால் அடித்துப் பற்றவைத்தார்கள். ஒரே மூச்சில் முழுக் குழலையும் பற்றவைக்க முடியாது. ஒரு காய்ச்சலுக்கு இரண்டு மூன்று விரற்கடை நீளம்தான். மறுபடி உலை, மறுபடி அடி.

சூடு குறைந்த இடத்தில் கசடு உள்ளே மாட்டிக்கொள்ளும். இன்று அந்தக் குழலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நீளவாக்கில் சாம்பல் நிறத்தில் மயிரிழை போன்ற கோடுகள் தெரியும். அவற்றை விரிசல் என்று பயந்து விலை பேசுபவர்கள் உண்டு. ஆனால் அவை அடித்துச் செய்த தேனிரும்பின் ரேகை. நவீன உருக்கில் இது இருக்காது. குழலின் அடிப்பக்கத்தில், மரத்துக்குள் மறைந்திருக்கும் பகுதியில் இதைத் தேடுங்கள். மேல்பக்கம் அரம் போட்டு மெருகேற்றியிருப்பார்கள். டமாஸ்கஸ் குழல் இன்னொரு வகை. இரும்பையும் உருக்கையும் சேர்த்து முறுக்கிய பட்டையைச் சுருள் சுருளாகச் சுற்றிப் பற்றவைப்பார்கள். அதன் கோலம் உலோகத்துக்குள்ளேயே ஓடும். மேலே அமிலத்தால் வரைந்த போலிக் கோலமோ, அடிப்பக்கம் போனதும் நின்றுவிடும்.

பற்றவைத்த குழலைப் பல முறை குடைந்து துளையைச் சீராக்குவார்கள். துளையின் ஊடே ஒரு நூலை இழுத்துக் கட்டி, அதன் நிழலைப் பார்த்துக் கோணலைக் கண்டுபிடித்து, பட்டடையில் தட்டி நேராக்குவார்கள். பிறகு வெளிப்புறத்தைச் சாணைக்கல்லில் தேய்ப்பது, பின்முனையில் மரை வெட்டி அடைப்புத் திருகைப் பொருத்துவது, பற்றுவாய் துளைப்பது. கடைசியில் சோதனை: வழக்கத்தைவிட அதிக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்ப்பார்கள். பிழைத்த குழலுக்கு முத்திரை. அந்த முத்திரைதான் இன்றைக்கு நமக்குப் பெரிய துணை.

லாக், மரம், பித்தளை

லாக் என்பது குதிரையும் ஸ்பிரிங்குகளும் சேர்ந்த பொறி. தட்டை அடித்து, அரத்தால் ராவி, உள்ளே டம்ளர் (குதிரையோடு சேர்ந்து சுழலும் துண்டு), சியர் (டம்ளரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி), பெரிய ஸ்பிரிங் மூன்றையும் பொருத்துவார்கள். டம்ளரில் இரண்டு வெட்டு இருக்கும். ஒன்று பாதி ஏற்றத்துக்கு, மற்றது முழு ஏற்றத்துக்கு. பாதி ஏற்ற வெட்டு தேய்ந்திருந்தால் குதிரை தானே விழும். பழைய பிஸ்டலில் அடிக்கடி காணும் கோளாறு இது. இரும்புப் பாகங்களை எலும்புக்கரி, தோல்கரி ஆகியவற்றோடு மூடிய பெட்டியில் வைத்துக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் மேல்தோல் மட்டும் உருக்குப் போலக் கெட்டிப்படும்.

கல் மோதித் தீப்பொறி எழுப்பும் ஃப்ரிஸன் மென்மையாக இருந்தால் பொறி வராது. அளவுக்கு மீறிக் கெட்டியானால் உதிரும். அதனால் தேய்ந்த ஃப்ரிஸனின் முகத்தில் புதிய உருக்குத் தகடு ஒட்டித் திரும்பப் பயன்படுத்தினார்கள். அப்படி ஒட்டிய தகட்டைக் கண்டால் முகம் சுளிக்காதீர்கள். அந்தத் துப்பாக்கி உழைத்தது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

மரம் பெரும்பாலும் வால்நட். பிடி வளையும் இடத்தில் மர இழையும் கூடவே வளைய வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஒடியும். உலோகப் பாகங்களில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் அழுத்தி, கரி ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவி, மறுபடி அழுத்தி, மறுபடி சீவிக் குழி வெட்டினார்கள். நல்ல வேலையில் லாக்குக்கும் மரத்துக்கும் இடையே காகிதம் நுழையாது. விசைக் காப்பு, பிடித்தொப்பி போன்ற பித்தளைச் சாமான்கள் மணல் அச்சில் வார்த்து, அரம் போட்டவை.

இதில் சேகரிப்பாளர் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. இத்தனை வேலையையும் ஒரே ஆள் செய்யவில்லை. பர்மிங்காம் வட்டாரத்தில் குழல் பற்றவைப்பவர், குடைபவர், லாக் ராவுபவர், மரம் செதுக்குபவர் எனத் தொழில் பிரிந்து கிடந்தது. வெட்னஸ்பரி, டார்லஸ்டன் ஊர்களில் செய்த குழலும் லாக்கும் லண்டன் கடைகளுக்கும் போயின. எனவே லாக் தட்டில் உள்ள பெயர் பல சமயம் விற்றவர் பெயர். இயந்திர உற்பத்தி அமெரிக்காவில் வேகம் பிடித்தது. ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையோடு சிமியோன் நார்த் 1813இல் 20,000 பிஸ்டல்களுக்கு ஒப்பந்தம் செய்தார். ரிவால்வர் செய்த சாமுவேல் கோல்ட்டின் ஹார்ட்ஃபோர்ட் ஆலை அதன் உச்சம். கையால் ராவிய பரப்பில் அரத் தடம் பல திசைகளில் ஓடும். இயந்திரத்தில் வெட்டியதில் சீரான இணைகோடுகள் நிற்கும்.

படி 1: மருந்துக்குத் தீ மூட்டும் முறையைப் பாருங்கள்

சாவியால் முறுக்கிய சக்கரம் சுழன்று உரசிப் பொறி எழுப்பும் சக்கர லாக் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஃப்ரிஸனும் மருந்துக் கிண்ணியின் மூடியும் ஒரே துண்டாக அமைந்த பிரெஞ்சு வகைச் சக்கிமுக்கி லாக் சுமார் 1610இல் தோன்றியது. லிசியூ ஊரைச் சேர்ந்த மரின் லெ பூர்ஜுவா பெயரோடு அதை இணைத்துச் சொல்வார்கள். தட்டினால் வெடிக்கும் மருந்துக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். செம்புக் கேப் 1820களில் பரவியது. இந்த ஆண்டுகள், ஒரு பிஸ்டல் எதற்கு முந்தையதாக இருக்க முடியாது என்பதை மட்டும் காட்டும். புதிய முறை வந்த பிறகும் பழைய முறையில் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

சில வடிவங்களைத் தூரத்திலிருந்தே இனம் காணலாம். பிடியும் இரும்பாகவே, ஆட்டுக்கொம்பு போல முனை சுருண்டு, விசைக்குக் காப்பே இல்லாமல் குமிழ் மட்டும் இருந்தால் ஸ்காட்லாந்து. குழலையே திருகிக் கழற்றிப் பின்னாலிருந்து கெட்டிக்கும், கெட்டிக்கும் கோலே இல்லாத பிஸ்டல் என்றால், ராணி ஆன் வகை. இங்கிலாந்து அரசி ஆன் 1714இல் இறந்த பிறகும் இந்த வகை பல பத்தாண்டுகள் செய்யப்பட்டது. பெயரை வைத்து ஆண்டு சொல்லிவிடக் கூடாது.

படி 2: அளவெடுங்கள்

குழல் நீளத்தை வாயிலிருந்து குழலின் பின்முனை வரை அளக்க வேண்டும். அதற்குப் பின் மரத்தின் மேல் நீளும் வாலைச் சேர்க்கக் கூடாது. துளையின் விட்டத்தை வெர்னியரால் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். வாய் ஓரம் தேய்ந்து அகன்றிருக்கும்.

பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் 'போர்' எண், ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தத் துளைக்குப் பொருந்தும் குண்டு எத்தனை வார்க்கலாம் என்பது. 16 போர் என்றால் ஏறத்தாழ 16.8 மி.மீ., 20 போர் 15.6, 32 போர் 13.4, 50 போர் 11.5. ராணுவ மாதிரிகளில் அளவு பெரிதும் மாறாது. 9 அங்குலக் குழல், 16 போர், குழலோடு கீலில் பிணைந்த கெட்டிக்கும் கோல் மூன்றும் சேர்ந்தால் 1802இல் தொடங்கிய நியூ லேண்ட் மாதிரி. 12 அங்குலக் குழலும் பக்கத்தில் இடுப்புவாரில் மாட்டும் கொக்கியும் இருந்தால் கடற்படைப் பிஸ்டல். 12 அங்குல மாதிரியின் குழல் 9 அங்குலம் மட்டுமே இருந்தால், வெட்டிக் குறைத்தார்களா என்று பாருங்கள். கோல் செல்லும் பள்ளத்தின் நீளம் குழலோடு ஒத்துப்போகாமல் நிற்கும்.

படி 3: கழற்றி உள்ளே பாருங்கள்

அசல் எது, போலி எது என்பது இந்தப் படியில்தான் தெரியும். அவசரப்பட்டால் பொருள் கெடுவதும் இங்கேதான். திருகாணித் தலையின் வெட்டுக்கு அச்சாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். பழைய வெட்டுகள் குறுகலானவை, கடையில் கிடைக்கும் திருப்புளி முனையை அதற்கேற்ப ராவிக்கொள்ளுங்கள். வழுக்கினால் தலை கிழியும், அந்தக் காயம் மறையாது. இறுகிய திருகாணிக்கு ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் காத்திருங்கள்.

வரிசை இது. குதிரையைப் பாதி ஏற்றத்தில் வையுங்கள். கெட்டிக்கும் கோலை உருவுங்கள். எதிர்ப்பக்கத்துத் திருகாணிகளைப் பாதி தளர்த்தி, அவற்றின் தலையில் மரப்பிடியால் மெல்லத் தட்டினால் லாக் ஒரே சமமாக வெளியே வரும். ஒரு முனையை மட்டும் நெம்பினால் மர ஓரம் பெயர்ந்துவிடும். அடுத்துக் குழலின் வால் திருகாணி, பிறகு குழலைப் பிடித்திருக்கும் ஊசிகள் அல்லது ஆப்புகள். கொக்கி வால் உள்ள குழலை வாய்ப்பக்கம் தூக்கித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு திருகாணியையும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எழுதிய தனித்தனிச் சிமிழில் போடுங்கள். கையால் செய்த திருகாணிகள் ஒன்றின் இடத்தில் ஒன்று ஏறாது. ஆங்கிலப் பொறியாளர் விட்வொர்த் 1841இல் முன்வைத்த தரமான மரை அளவு ஒரு 1780ஆம் ஆண்டுப் பிஸ்டலில் இருந்தால், அந்தத் திருகாணி பின்னால் வந்தது.

இப்போது பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள். லாக்கின் உள்பாகங்களில் சிறு அரவெட்டுகளோ புள்ளிகளோ ரோமன் எண்ணோ இருக்கும். ஒரே லாக்குக்கு உரியவை கலந்துவிடாமல் இருக்கத் தொழிலாளர் போட்ட குறி அது. எல்லாப் பாகத்திலும் மூன்று வெட்டு, குதிரைத் திருகாணியில் மட்டும் ஐந்து என்றால், அந்தத் திருகாணி வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்தது.

மரக்குழியைப் பாருங்கள். குழலின் அடியில் எங்கே துருப் புள்ளி இருக்கிறதோ, மரத்திலும் அதே இடத்தில் கறுப்பான தடம் பதிந்திருக்க வேண்டும். குழலும் மரமும் நெடுநாள் முகம் பார்த்துக் கிடந்ததால், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அசல் மரம் குழிக்குள் உலர்ந்து வெளிர் நிறத்தில் இருக்கும். லாக் எண்ணெய் சொட்டிய பக்கம் மட்டும் கறுத்திருக்கும். குழி முழுக்க ஒரே பழுப்புச் சாயம் என்றால், பழசாகக் காட்ட யாரோ சாயம் தோய்த்திருக்கிறார்கள்.

படி 4: முத்திரைகள்

லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது. அதன் முத்திரை, கிரீடத்துக்குக் கீழே பின்னிய 'ஜி.பி.' எழுத்தும், கிரீடத்துக்குக் கீழே 'வி' எழுத்தும். பர்மிங்காம் சோதனைச்சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. கிரீடம், குறுக்காக வைத்த செங்கோல்கள், 'பி.பி.சி.' எழுத்துகள் அதன் அடையாளம். 1805 டிரஃபால்கர் கடற்போரில் இருந்த பிஸ்டல் என்று சொல்லி, குழலில் பி.பி.சி. முத்திரையோடு ஒன்று விற்பனைக்கு வந்தால் கதை முடிந்தது: அந்தக் குழல் போருக்கு எட்டு ஆண்டாவது பிந்தையது.

பெல்ஜியத்தின் லியேஜ் நகர முத்திரை முட்டை வடிவ வளையத்துக்குள் 'இ.எல்.ஜி.' எழுத்தும் நட்சத்திரமும். 1893இல் அதன் மேல் கிரீடம் ஏறியது. கிரீடம் இல்லாவிட்டால் அதற்கு முந்தையது. ஜெர்மானியக் குழல்களில் ஆக்ஸ்பர்க் என்றால் பைன் காய், நியூரம்பர்க் என்றால் 'என்' எழுத்து.

பிரிட்டிஷ் ராணுவ லாக்குகளில் 1764 வரை ஒப்பந்தக்காரர் பெயரும் ஆண்டும் வெட்டினார்கள். அதன் பிறகு, லண்டன் டவர் ஆயுதக்கிடங்கைக் குறிக்கும் 'டவர்' என்ற சொல் மட்டும். கிரீடத்தின் கீழ் 'ஜி.ஆர்.' 1714 முதல் 1830 வரை நான்கு ஜார்ஜ்களுக்கும் பொது, 'டபிள்யூ.ஆர்.' (வில்லியம்) 1837 வரை, பிறகு 'வி.ஆர்.' (விக்டோரியா). கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய குறி, நான்காகப் பிரித்த இதய வடிவமும் அதன் மேல் '4' போன்ற கோடும். சுமார் 1808 முதல் கிரீடம் பிடித்து எழுந்து நிற்கும் சிங்கம் அந்த இடத்துக்கு வந்தது.

வெள்ளிச் சாமான் இருந்தால் அதில் ஹால்மார்க் தேடுங்கள். ஆண்டு எழுத்து கிடைத்தால் காலம் ஏறக்குறைய கையில். பர்மிங்காமின் வெள்ளி முத்திரையான நங்கூரம் 1773க்கு முன் கிடையாது. அரசர் தலை உருவ வரி முத்திரை 1784 முதல் 1890 வரை. கடை முகவரியும் உதவும். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் ஜோசப் மேன்டன் 1819இல் டேவிஸ் தெருவிலிருந்து ஹனோவர் சதுக்கத்துக்கு மாறினார். குழலில் உள்ள முகவரியே காலத்தைப் பிரித்துக் காட்டிவிடும்.

கோல்ட் ரிவால்வரில் வரிசை எண்தான் எல்லாம். 1851 நேவி மாதிரி ஹார்ட்ஃபோர்டில் மட்டும் சுமார் 2,15,000 செய்யப்பட்டது. குழல், சட்டம், விசைக் காப்பு, பின்பட்டை, சிலிண்டர், குழலைப் பிடிக்கும் ஆப்பு என எல்லாவற்றிலும் எண் பார்த்து ஒப்பிடுங்கள். தொலைந்து மாற்றப்படுவதில் முதலிடம் ஆப்புக்கு. சிலிண்டரைச் சுற்றிக் கடற்போர்க் காட்சி உருளை அச்சால் அழுத்தப்பட்டிருக்கும். கூடவே 1843 மே 16 என்ற தேதி. காட்சி மங்கி, எண் மட்டும் பளிச்சென்று இருந்தால் எண்ணை மறுபடி அடித்திருக்கிறார்கள்.

படி 5: மாற்றமும் போலியும்

கேப் வந்த பிறகு ஏராளமான சக்கிமுக்கிப் பிஸ்டல்களைக் கேப்புக்கு மாற்றினார்கள். லாக் தட்டில் ஃப்ரிஸன், அதன் ஸ்பிரிங், கிண்ணி ஆகியவை இருந்த துளைகளை அடைத்த வட்டத் தழும்புகள் தெரியும். அது காலத்தோடு நடந்த மாற்றம், குறை சொல்ல ஒன்றுமில்லை. கவலைக்குரியது அதற்கு எதிர்த்திசை: சக்கிமுக்கிக்கு விலை அதிகம் என்பதால், பின்னாளில் சிலர் கேப்பிலிருந்து பழையபடி மாற்றிவிடுகிறார்கள். சக்கிமுக்கி உண்மையாகச் சுட்டிருந்தால் பற்றுவாயைச் சுற்றி இரும்பு அரித்திருக்கும், கிண்ணிக்குப் பக்கத்து மரம் கருகியிருக்கும், ஃப்ரிஸன் முகத்தில் கல் கீறிய செங்குத்துத் தடங்கள் இருக்கும். பற்றுவாயைச் சுற்றி வட்டமான ஒட்டுக் கோடு, அரிப்பில்லாத புதுக் கிண்ணி, மற்ற பாகங்களைவிடக் கூர்மையான விளிம்புள்ள குதிரை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

பெயர் வெட்டியதை இப்போதுதான் படிக்க வேண்டும். பக்கவாட்டில் விளக்கைத் தாழ்த்திப் பிடியுங்கள். பழைய எழுத்தின் மேல் துருக்குழி ஏறிப் போயிருக்கும், எழுத்தின் கோடு குழியில் அறுந்து மறுபக்கம் தொடரும். புதிதாக வெட்டிய எழுத்தோ துருக்குழியின் அடியிலும் இறங்கி ஓடும். அதன் ஓரம் விரல்நகத்தில் சுரண்டும். இத்தாலியின் கார்டோனே ஊரில் குழல் செய்த லாசரினோ கொமினாஸோ பெயரை அவர் காலத்திலேயே பிற ஊர்க்காரர்கள் குழல்களில் வெட்டினார்கள். ஆக, பழைய எழுத்து என்பதும் அசல் என்பதும் ஒன்றல்ல. கைபர் கணவாய்ப் பட்டறைகளில் செய்த நகல்களில் 'டவர்' எழுத்துப் பிழையோடும், சில எழுத்துகள் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியும் இருக்கும். நவீன இத்தாலிய நகல்களில் நட்சத்திரத்தின் கீழ் 'பி.என்.' முத்திரையும், பெட்டிக்குள் ஆண்டுக் குறியும் உண்டு. அவற்றை அரத்தால் அழித்திருந்தால் குழலின் அந்த இடம் மட்டும் சற்றுத் தட்டையாகிப் பளபளக்கும். அமிலத்தால் வரவழைத்த துரு எல்லா இடத்திலும் ஒரே ஆழம். இயற்கையான துரு கைபடும் இடத்தில் குறைவாகவும், மூலை முடுக்கில் அதிகமாகவும் இருக்கும்.

திரும்பப் பூட்டும்போது

உலோகத்தைப் பளபளப்பாக்காதீர்கள். பழுப்பு மேனி ஒருமுறை போனால் விலையில் பாதியும் அதோடு போகும். செந்துருவை மட்டும் மெல்லிய எண்ணெயும் செப்புத் துண்டின் ஓரமும் கொண்டு சுரண்டி, மெழுகு தேய்த்துத் துடையுங்கள். மரத்துக்கு உப்புத்தாள் வேண்டாம். கழற்றியதற்கு நேர்த் தலைகீழ் வரிசையில் பூட்டுங்கள். குழல், ஊசிகள், வால் திருகாணி, லாக், கடைசியில் கெட்டிக்கும் கோல். ஊசிகள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தனவோ அதே பக்கத்திலிருந்துதான் நுழைக்க வேண்டும். மாற்றி அடித்தால் துளையின் ஓரத்து மரம் சிலும்பு சிலும்பாகப் பெயரும். லாக் திருகாணிகளைப் பிடிக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் லாக் தட்டு மரத்தில் புதைந்து சியர் முட்டிக்கொள்ளும், குதிரை ஏற்றத்தில் நிற்காது.